தள்ளாதீர்கள்; முதலில் நனைத்து வையுங்கள்!

மாணவர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு மோரிப் கடற்கரைக்குப் போயிருக்கிறீர்கள். நீர் வற்றிய சேற்றுத் திட்டில் ஒரு டால்பின் கிடக்கிறது. உயிர் இருக்கிறது. தலையின் மேல் உள்ள துளை திறந்து மூடுகிறது. நீங்கள் என்ன செய்வீர்கள்?

சில வாரங்களுக்கு முன் என் நான்காம் படிவ மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் கைகள் உயர்ந்தன. "கடலுக்குள் தள்ளிவிடுவோம் டீச்சர்!" என்று ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "வாலைப் பிடிச்சு இழுத்தா சீக்கிரம் போயிடும்" என்று ஒரு மாணவன் வழியும் சொன்னான். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதைப் பற்றிப் படிக்கத் தொடங்குவதற்கு முன், நானும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

அது நல்ல மனத்திலிருந்து வரும் பதில். ஆனால், பெரும்பாலும் தவறான பதில். உயிருடன் கரை ஒதுங்கிய திமிங்கலத்தையோ டால்பினையோ கண்டால் நம் முதல் வேலை அதைத் தள்ளுவதன்று. தெரிந்தவர்களுக்குத் தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை அதை உயிரோடு வைத்திருப்பதுதான். முதலுதவியைப் போல இதையும் நம் பள்ளிகளில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நம் ஊருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

"கிள்ளானில் ஏது திமிங்கலம்?" என்று நீங்கள் நினைக்கலாம். 1892-ஆம் ஆண்டு மலாக்காவுக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் 42 அடி நீளத் திமிங்கலம் ஒன்று கரை ஒதுங்கியது. அது நீலத் திமிங்கலம் என்று கருதப்படுகிறது. அதன் எலும்புக்கூடு சிங்கப்பூரின் ராபிள்ஸ் அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது. 1974-இல் அது நம் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. பிரிக்பீல்ட்சிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அதே கட்டடம்தான்! இப்போது அந்த எலும்புக்கூடு லாபுவான் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அது பழைய கதை என்றால், 2018-ஆம் ஆண்டு மே மாத இறுதிக்கு வாருங்கள். கெடாவுக்கு அடுத்துள்ள தாய்லாந்தின் சொங்க்லா மாநிலத்தில், கால்வாய் ஒன்றில் பைலட் திமிங்கலம் ஒன்று நீந்த முடியாமல் தத்தளித்தது. மீட்புக் குழுவினர் அது மூழ்காதபடி மிதவைகளைக் கொடுத்துத் தாங்கினார்கள். வெயில் படாமல் குடை பிடித்தார்கள். அது ஐந்து பிளாஸ்டிக் பைகளைக் கக்கியது. சில நாள்களில் இறந்தது. வயிற்றைத் திறந்து பார்த்தபோது சுமார் 80 பிளாஸ்டிக் பைகள் இருந்தன. அவற்றின் எடை 8 கிலோ.

மலாக்கா நீரிணையின் கரையோர நீரிலும் ஆற்று முகத்துவாரங்களிலும் கூன்முதுகு டால்பின், ஐராவதி டால்பின் போன்றவை வாழ்கின்றன. தமிழில் டால்பினுக்கு ஓங்கில் என்றும் பெயர் உண்டு. இவை வாழும் நீரிணை உலகிலேயே கப்பல் நெரிசல் மிகுந்த கடல்வழிகளுள் ஒன்று. கிள்ளான் துறைமுகம் அதன் கரையில்தான் இருக்கிறது. ஆகவே, இது எங்கோ நடக்கும் செய்தி அன்று.

கரையில் அதன் உடலுக்கு என்ன ஆகிறது?

நீச்சல் குளத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு மேலே ஏறும்போது உடம்பு கனப்பதை உணர்ந்திருப்பீர்கள். தண்ணீரின் மிதப்பு விசை அதுவரை உங்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. நமக்காவது நிற்கக் கால்கள் உண்டு. திமிங்கலம் வாழ்நாள் முழுவதும் மிதப்பு விசையை நம்பியே வாழும் விலங்கு. வளர்ந்த ஆண் பைலட் திமிங்கலம் 3 டன் எடையை எட்டும். அந்த எடை முழுவதும் கரையில் அதன் நெஞ்சின் மேலேயே இறங்குகிறது. நுரையீரல் விரிய முடியாமல் ஒவ்வொரு மூச்சும் போராட்டமாகிறது.

அழுத்தப்பட்ட தசைகளுக்கு இரத்தம் சரியாகப் போகாது. தசை சிதையத் தொடங்கும். அப்போது வெளியாகும் மயோகுளோபின் என்னும் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெளியே ஒரு காயமும் தெரியாது. உள்ளே நேரம் ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது வெப்பம். திமிங்கலத்தின் தோலுக்கு அடியில் தடித்த கொழுப்புப் படலம் இருக்கிறது. கடலில் அது போர்வை. ஆனால், நம் ஊர் வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டு திடலில் படுத்தால் எப்படி இருக்கும்? நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நீரை விட்டு வெளியே வந்ததும் உடல் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்குகிறது. கரையில் கிடக்கும் திமிங்கலம் உள்ளுக்குள் வெந்துபோகிறது என்று சொன்னால் அது மிகையில்லை. தோலும் வெயிலில் காய்ந்து வெடிக்கிறது.

இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள். திமிங்கலமும் டால்பினும் மீன்கள் அல்ல, பாலூட்டிகள். தலையின் மேல் இருக்கும் மூச்சுத்துளைதான் அவற்றின் மூக்கு. பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் டால்பினின் அருகில் நீர் ஏறினால், அந்தத் துளைக்குள் நீர் புகுந்து, முழங்கால் அளவு நீரிலும் அது மூழ்கி இறந்துவிடும். நம் கரையில் முழுநிலவு, அமாவாசையை ஒட்டிய நாள்களில் கடல் சுமார் 4 மீட்டர் ஏறி இறங்கும். எனவே, "தண்ணீர் ஏறினால் தானே போய்விடும்" என்று விட்டுவிடவும் முடியாது.

ஏன் கரைக்கு வருகின்றன?

இதற்கு ஒரே ஒரு காரணம் இல்லை. பல்லுள்ள திமிங்கலங்களும் டால்பின்களும் ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழி அறிகின்றன. செங்குத்தான பாறையில் பட்ட ஒலி தெளிவாகத் திரும்பும். மோரிப் போல மெல்லச் சரியும் மணலிலும் சேற்றிலும் பட்ட ஒலி சிதறிப்போகும். முன்னால் தரை இருப்பதே அவற்றுக்குத் தெரியாமல் போகலாம். இரையைத் துரத்தி வந்த இடத்தில் நீர் வற்றிவிட்டால் சிக்கிக்கொள்ளும்.

நோய், முதுமை, ஒட்டுண்ணி, வலையில் மாட்டிய காயம், கப்பல் மோதிய காயம், வயிற்றில் பிளாஸ்டிக் ஆகியவற்றால் நீந்தத் திராணியற்றும் கரைக்கு வரலாம். மனிதன் எழுப்பும் ஒலியும் காரணமாகலாம். 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பஹாமாஸ் தீவுகளில் 17 திமிங்கலங்களும் டால்பின்களும் அடுத்தடுத்துக் கரை ஒதுங்கின. அப்பகுதியில் அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய சோனார் கருவியே அதற்குப் பெரும்பாலும் காரணம் என்று அந்தக் கடற்படையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையே ஒப்புக்கொண்டது.

கூட்டமாக ஒதுங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பாசம். பைலட் திமிங்கலங்கள் குடும்பமாக வாழ்பவை. ஒன்று கரையில் சிக்கிக் குரல் கொடுத்தால் மற்றவை விட்டுப் போவதில்லை.

இப்போது சொல்லுங்கள். கரையில் கிடக்கும் விலங்கைப் பார்த்த மாத்திரத்தில் இவற்றில் எது காரணம் என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியாது. காரணம் தெரியாமல் அதைத் தள்ளிவிடுவது, மருத்துவமனை வாசலில் மயங்கி விழுந்தவரைத் தூக்கிச் சாலையில் விடுவது போன்றது.

மணப்பாடு சொல்லும் பாடம்

தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில், நம்மில் பலர் முருகனைத் தரிசிக்கப் போயிருக்கும் திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாடு என்ற மீனவர் ஊர் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள், பொங்கலுக்குச் சில நாள்கள் முன்பு, மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலைக் கடற்கரைகளில் பைலட் திமிங்கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறின. எண்ணிக்கை 80-ஐத் தாண்டியது.

மீனவர்கள் வேடிக்கை பார்க்கவில்லை. தங்கள் படகுகளை எடுத்து வந்து, கயிறு கட்டி, ஒவ்வொன்றாகக் கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டார்கள். அதிகாரிகளும் இறங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவை கடலுக்குள் அனுப்பப்பட்டன. ஆனால், உள்ளே விடப்பட்டவற்றுள் பல மீண்டும் கரைக்கே திரும்பி வந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் இறந்தன. கடற்கரையில் இயந்திரங்களால் குழி தோண்டி அவற்றைப் புதைத்தார்கள். அதே கரையில் 1973-ஆம் ஆண்டு ஜனவரி 14-இலும் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின என்று இந்தியக் கடல் மீன்வள ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்த மீனவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால், உறவுகள் கரையில் கிடந்து குரல் கொடுக்கும்போது, ஒன்றை மட்டும் கடலில் விட்டால் அது திரும்பி வரத்தான் செய்யும். பல மணி நேரம் சாய்ந்து கிடந்த விலங்குக்கு உடல் மரத்துப்போய், நிமிர்ந்து மிதக்கும் சமநிலையும் இருக்காது. அன்பு இருந்தது, படகு இருந்தது, உழைப்பும் இருந்தது. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்ற அறிவுதான் அங்கு யாருக்கும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை.

"ஆனால் பாணந்துறையில் தள்ளித்தானே காப்பாற்றினார்கள்?"

நல்ல கேள்வி. 2020-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் மாலை, இலங்கையில் கொழும்புக்குத் தெற்கே உள்ள பாணந்துறையில் சுமார் 100 பைலட் திமிங்கலங்கள் கரைக்கு வந்தன. கோவிட் ஊரடங்கு நேரம். ஆனாலும் கடற்படையினர், கடலோரக் காவல் படையினர், ஊர் மக்கள் எல்லாரும் அலைகளுக்குள் இறங்கினார்கள். விடிய விடிய உழைத்துத் திமிங்கலங்களை ஆழ்கடலுக்கு அனுப்பினார்கள். சிலவே இறந்தன.

இது என் கருத்துக்கு எதிரான சான்று போலத் தோன்றலாம். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அங்கே ஒரு பயிற்சி பெற்ற படை இருந்தது. படகுகள் இருந்தன. வெயில் இல்லாத இரவு. நூற்றுக்கணக்கான கைகள் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், கூட்டம் முழுவதையும் நகர்த்தின. நான்கு பேர் கூடி ஒரு டால்பினை வாலைப் பிடித்து இழுப்பதும் இதுவும் ஒன்றல்ல.

நியூசிலாந்தில் இத்தகைய வேலைக்காகவே பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். 1974-இல் தொடங்கிய 'புராஜெக்ட் ஜோனா' என்னும் தன்னார்வ அமைப்பு அதை நடத்துகிறது. 2017-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அங்கு ஃபேர்வெல் ஸ்பிட் என்னும் மணல் திட்டில் 400-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. பெரும்பாலானவை கண்டுபிடிக்கும் முன்பே இறந்துவிட்டன. உயிரோடு இருந்தவற்றைத் தொண்டர்கள் ஈரத்துணி போர்த்தி, வாளி வாளியாக நீர் ஊற்றிக் காத்தார்கள். நீர் ஏறியதும் கடலில் சேர்த்து அனுப்பிவிட்டு, அவை திரும்பி வராதபடி இடுப்பளவு நீரில் கைகோத்து மனிதச் சுவராக நின்றார்கள். கடலுக்கு அனுப்புவதும் மீட்பின் ஒரு படிதான். ஆனால், அது கடைசிப் படி.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் உங்கள் பாதுகாப்பு. சேறு இழுக்கும், நீர் வேகமாக ஏறும். பெரியவர் துணையின்றி இறங்காதீர்கள். வாலருகே நிற்காதீர்கள், ஒரே அடியில் எலும்பு முறியும். அது விடும் மூச்சு உங்கள் முகத்தில் படாதபடி தள்ளி நில்லுங்கள். நோய்க் கிருமிகள் தொற்றலாம்.

2. உடனே 999-ஐ அழையுங்கள். மீன்வளத் துறைக்குத் தகவல் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை விலங்குகள், உயிரோடு இருக்கின்றனவா, என்ன நீளம், நீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்ற ஐந்தையும் சொல்லுங்கள். கைப்பேசியில் இடக்குறியீட்டையும் படத்தையும் அனுப்புங்கள். நம் நாட்டில் கடல் பாலூட்டிகளை ஆராயும் 'மேர்செட்' அமைப்புக்கும் தெரிவிக்கலாம். 2012-இல் தொடங்கப்பட்ட அதன் இணை நிறுவனர்களுள் ஒருவர் லூயிசா பொன்னம்பலம் என்னும் நம் நாட்டு ஆய்வாளர்.

3. சாய்ந்து கிடக்கும் சிறிய டால்பினை, பெரியவர்கள் சேர்ந்து மெல்ல வயிறு கீழாக நிமிர்த்தலாம். பெரிய திமிங்கலத்தைப் புரட்ட முயலாதீர்கள்.

4. துண்டு, கைலி, படுக்கை விரிப்பு எதுவானாலும் கடல் நீரில் நனைத்து உடல்மேல் போர்த்துங்கள். தொடர்ந்து நீர் ஊற்றுங்கள். மூச்சுத்துளையை மட்டும் மூடாதீர்கள். அதற்குள் ஒரு சொட்டு நீரோ மணலோ போகக் கூடாது.

5. குடையோ தார்ப்பாயோ பிடித்து நிழல் கொடுங்கள். பக்கத் துடுப்புகளுக்கு அடியில் மணலைத் தோண்டிச் சிறு பள்ளம் செய்து நீர் விடுங்கள், அழுத்தம் குறையும்.

6. வால், துடுப்பு எதையும் பிடித்து இழுக்காதீர்கள். மூட்டு விலகிவிட்டால் அது மறுபடியும் நீந்தவே முடியாது.

7. கூட்டத்தை விலக்குங்கள். கூச்சல், நாய், கேமரா ஒளி எதுவும் வேண்டாம். மேலே ஏறிப் படம் எடுப்பவரைக் கண்டால் துணிந்து தடுங்கள்.

இறந்து கிடந்தால் தொடாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள். தகவல் மட்டும் சொல்லுங்கள். 1999-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி திமிங்கலமும் டால்பினும் நம் நாட்டில் பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த விதிமுறைகளின் பெயர் 'அருகிவரும் மீன் இனங்கள்' பற்றியது! சட்டம் மீன் என்று சொன்னாலும் தேர்வில் நீங்கள் பாலூட்டி என்றே எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வாதம்

"இயற்கை தன் வேலையைச் செய்யட்டுமே, மனிதனுக்கே ஆயிரம் துன்பம் இருக்கும்போது திமிங்கலத்துக்கு இவ்வளவு பாடுபட வேண்டுமா?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். கரை ஒதுங்கும் எல்லா விலங்கும் பிழைக்காது. சில வேளைகளில் கால்நடை மருத்துவரே வந்து, வலியில்லாமல் அதன் உயிரை முடித்துவைப்பதுதான் இரக்கம் என்று முடிவு செய்வார். அதையும் நாம் ஏற்கத்தான் வேண்டும்.

ஆனால், சொங்க்லாவில் வயிற்றுக்குள் போன 80 பைகளை இயற்கை தயாரிக்கவில்லை. வலையும் கப்பலும் சோனாரும் இயற்கை செய்தவை அல்ல. நாம் தலையிட்ட பிறகு, துன்பம் வரும்போது மட்டும் "இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று ஒதுங்குவது நேர்மையாகாது. மேலும், தகவல் சொன்னதால்தானே அந்தப் பைகளைப் பற்றியே உலகம் அறிந்தது? காப்பாற்ற முடியாத விலங்குகூட, கடலில் என்ன நடக்கிறது என்பதை நமக்குச் சொல்லிவிட்டுப் போகிறது.

நான் கேட்பது பெரிய செலவு அன்று. நம் பள்ளிகளில் செம்பிறைச் சங்கம், சாரணர், செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் போன்ற சீருடை இயக்கங்கள் இருக்கின்றன. அங்கே கட்டுப் போடவும் மயங்கியவரைத் தூக்கவும் கற்கிறீர்கள். அதே பயிற்சியில், ஆண்டுக்கு ஒரு மணி நேரம் இதற்கும் ஒதுக்கினால் போதும். கிள்ளான், கோலசிலாங்கூர், கேரித்தீவு, பந்திங் வட்டாரப் பள்ளிகள் முதலில் தொடங்கலாம். உங்கள் இயக்கப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள். இந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நிபுணர் கோலாலம்பூரிலிருந்தோ வேறெங்கிருந்தோ வந்து சேர நேரமாகும். அதுவரை அந்த விலங்கின் பக்கத்தில் இருக்கப் போகிறவர்கள் மீன் பிடிக்க வந்தவர், நண்டு பொறுக்க வந்தவர், மாலைக்காற்று வாங்க வந்த உங்கள் குடும்பம். அந்த நேரம் உங்கள் கையில்தான் இருக்கிறது.

என் வகுப்பில் வாலைப் பிடித்து இழுக்கச் சொன்ன மாணவனிடம் பாடம் முடிந்ததும் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். "கைலியை நனைச்சுப் போடுவேன் டீச்சர், மூக்கை விட்டுட்டு" என்றான். எனக்கு அது போதும். இன்று வீட்டில் ஒருவரிடமாவது நீங்களும் இதைச் சொல்லிவிடுங்கள்.